வீட்டுத் தோட்டத்தில் சின்ன வெங்காயம்: விதை வாங்குவது முதல் கட்டித் தொங்கவிடுவது வரை

சின்ன வெங்காயம் 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும் பயிர். கத்தரி, மிளகாய் போல நாற்றுவிட்டு, மாதக்கணக்கில் காவல் காக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் முதல்முறை நடுகிறவர்கள் பலருக்கு நட்ட அளவுகூடத் திரும்பக் கிடைப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான்: விதை வெங்காயம் சரியில்லை, அல்லது வேரடியில் தண்ணீர் நின்றுவிட்டது. இந்த இரண்டும் நடுவதற்கு முன்பே முடிவாகிவிடும் விஷயங்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் நடவுக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கணக்கு சுலபமாக இருக்க, 16 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள ஒரு பாத்தியை வைத்தே எல்லா அளவுகளையும் சொல்கிறேன். மாடித் தோட்டக்காரர்களுக்கான அளவுகள் அந்தந்த இடத்திலேயே வரும்.

1. அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி நடவு நாளைக் குறியுங்கள்

தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்கு சித்திரை-வைகாசி, ஐப்பசி-கார்த்திகை என இரண்டு பட்டங்கள் சொல்வார்கள். பெரம்பலூர், நாமக்கல், திண்டுக்கல், திருப்பூர் போன்ற உள் மாவட்டங்களுக்கு இது பொருந்தும். சென்னையிலோ கடலூரிலோ நாகப்பட்டினத்திலோ இருந்துகொண்டு இதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஐப்பசியில் நட்டது கார்த்திகை மழையில் அழுகும்.

ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள். அறுவடைக்கு முந்தைய 10 நாளும், அறுத்த பிறகு காயவைக்கும் 10 நாளும், ஆக 20 நாள் மழையில்லாமல் கிடைக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்த 20 நாள் எப்போது கிடைக்கும் என்று பார்த்து, அதன் நடுவே வரும் அறுவடை நாளிலிருந்து 70 நாள் பின்னால் போனால் நடவு நாள் கிடைக்கும்.

கடலோர மாவட்டங்களில் மார்கழிக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதிக்குள் நடுங்கள். பங்குனியில் அறுவடை வரும். மழைக்கும் வாய்ப்புக் குறைவு. கன்னியாகுமரியில் இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் அங்கேயும் தை நடவுதான் பத்திரம். கொங்குப் பகுதியில் சித்திரைக் கடைசியில் நடலாம். ஆனால் கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்களில் நட்டால் முளைத்த குருத்து கருகும். பாத்தி மேல் காய்ந்த இலைகளையோ நிலக்கடலைத் தோலையோ மெல்லிசாகப் பரப்பினால் தாங்கும்.

2. விதை வெங்காயம்: இங்கே அவசரப்படாதீர்கள்

சின்ன வெங்காயத்தை இரண்டு வகையில் பயிர் செய்யலாம். வெங்காயத்தையே நட்டு அது பல பற்களாகப் பிரிவது ஒரு வழி. கருப்பு விதையைத் தூவி நாற்றுவிட்டு எடுத்து நடுவது இன்னொரு வழி. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-5 இப்படி விதை மூலம் பயிராகும் ரகம். புதியவர்களுக்கு நான் வெங்காயத்தை நடுவதையே சொல்வேன். விதையில் போனால் நாற்றங்காலிலேயே 40 முதல் 45 நாள் போய்விடும். பாத்திக்கு நாற்று வந்து சேர்வதற்குள் பட்டமும் தவறக்கூடும்.

விதைக்கான வெங்காயத்தை வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது அறுத்தது? அறுத்த பிறகு நனைந்ததா? எத்தனை நாள் பட்டறையில் (காற்றோட்டமான வெங்காயச் சேமிப்புக் கொட்டகையில்) இருந்தது? அறுத்து ஒன்றரை, இரண்டு மாதம் காற்றோட்டமாக இருந்த வெங்காயம்தான் ஒரே சீராக முளைக்கும். வெங்காயத்துக்கு உறக்க காலம் உண்டு. போன வாரம் அறுத்த பச்சை வெங்காயத்தை நட்டால் சில ஒரு வாரத்திலும் சில ஒரு மாதத்திலும் முளைக்கும், மீதி மண்ணுக்குள்ளேயே அழுகும். மளிகைக் கடையில் வாங்கி நடுகிறவர்களுக்கு நேரும் ஏமாற்றம் பெரும்பாலும் இதனால்தான். கடை வெங்காயம் கெட்டது என்று பொருளில்லை. அதன் வயது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வயதை நீங்களே சோதிக்கலாம். குவியலிலிருந்து நாலைந்து வெங்காயத்தை எடுத்து நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். நடுவில் இளம்பச்சையாக ஒரு குருத்து தெரியும். அது அடித்தட்டை ஒட்டிச் சின்னதாக இருந்தால் இன்னும் உறக்கத்தில் இருக்கிறது, இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். பாதி உயரத்தைத் தாண்டி நுனியை நோக்கி ஏறியிருந்தால் இப்போதே நடலாம். வெளியே நீண்டு முளை விட்டு, வெங்காயம் கையில் சொதசொதவென்று இருந்தால் சத்து தீர்ந்துவிட்டது. அதைக் குழம்பில் போடுங்கள்.

அடுத்தது நோய்ச் சோதனை. கட்டைவிரலால் வேர்ப்பகுதியை அழுத்துங்கள். கல்போல இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினாலோ, வேர்த்தட்டில் வெள்ளைப் பூசணம் படர்ந்திருந்தாலோ அடியழுகல் நோய் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. வெளித்தோலுக்கு அடியில் கரித்தூள் போலக் கருப்பாக இருந்தால் அதுவும் பூசணம்தான். நூறு வெங்காயத்தில் நாலைந்து இப்படி இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு மற்றதை வாங்கலாம். பத்துக்கு மேல் போனால் அந்தக் குவியலே வேண்டாம்.

அளவு: ஒரு பல் 4 முதல் 6 கிராம், அதாவது கிலோவுக்கு 170 முதல் 250 நிற்கும்படி நடுத்தரமாக இருக்கட்டும். பெரியதாக நட்டால் பற்கள் அதிகம் பிரியும், ஒவ்வொன்றும் சிறுக்கும், விதைச் செலவும் கூடும். பொடிசாக நட்டால் தூர் கட்டாது. நம் பாத்திக்கு 290 வெங்காயம் பிடிக்கும், ஒன்றரை கிலோ போதும். கழிவுக்கும் சேர்த்து 2 கிலோ வாங்குங்கள்.

எங்கே வாங்குவது? உழவர் சந்தைக்கு வரும் விவசாயிகளிடம் 'விதைக்கு வேண்டும்' என்று சொல்லிக் கேட்டால், பட்டறையில் இருப்பதை அடுத்த வாரம் எடுத்து வருவார்கள். அருகில் வேளாண் அறிவியல் நிலையம் இருந்தால் கோ-4 போன்ற ரகத்தின் விதை வெங்காயம் எப்போது வரும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கருப்பு விதை பாக்கெட்டைத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் மூன்று விஷயத்தைப் படிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்: ரகத்தின் பெயர், சோதனைத் தேதியும் காலாவதித் தேதியும், முளைப்புத் திறன். சான்று பெற்ற விதையில் நீல அட்டை இருக்கும். முளைப்புத் திறன் 70 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வெங்காய விதை ஒரு வருடத்துக்குள்ளேயே முளைப்பை வேகமாக இழக்கும். போன வருடப் பாக்கெட்டைத் தள்ளுபடியில் வாங்குவது வீண். பாக்கெட்டில் 'வெங்காயம்' என்று மட்டும் இருந்து ரகம் குறிப்பிடவில்லை என்றால் அது பெல்லாரியாகவே (பெரிய வெங்காயமாகவே) இருக்க வாய்ப்பு அதிகம். ரசீதையும் அட்டையையும் அறுவடை முடியும்வரை எறியாதீர்கள். முளைக்கவில்லை என்று கடையில் கேட்க அவைதான் கையிலிருக்கும் சான்று.

3. செலவு எவ்வளவு ஆகும்

விலை ஊருக்கு ஊர் மாறும். கீழே இருப்பது தோராயம்.

- விதை வெங்காயம் 2 கிலோ: சீசனைப் பொறுத்து 80 முதல் 200 ரூபாய்
- மக்கிய தொழுவுரம் 15 கிலோ: மாடு வைத்திருப்பவர் தெரிந்தால் வண்டிக் கூலி மட்டும், மூட்டையாக வாங்கினால் 100 முதல் 150 ரூபாய்
- மண்புழு உரம் 5 கிலோ: 75 முதல் 100 ரூபாய்
- வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ: 40 முதல் 60 ரூபாய்
- சூடோமோனாஸ் தூள், வேப்பெண்ணெய்: இரண்டும் சேர்த்து 200 ரூபாய்க்குள்

ஆக 500 முதல் 700 ரூபாய். முதல்முறை 6 முதல் 8 கிலோ எடுத்தால் நல்ல விளைச்சல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கை பழகினால் 10 கிலோவைத் தொடலாம். சந்தையில் கிலோ 30 ரூபாய்க்கு இறங்கியிருக்கும் மாதத்தில் உங்கள் வெங்காயம் கடை விலையைவிடக் கூடுதலாகத்தான் அடங்கும். தட்டுப்பாட்டில் 100, 150 என்று ஏறும்போது கணக்கு திரும்பும். இரண்டாவது பருவத்திலிருந்து விதைச் செலவு இல்லை, சூடோமோனாஸ் மிச்சம் இருக்கும், அப்போது செலவு பாதியாகும்.

சூடோமோனாஸ் என்பது பூசண நோயைத் தடுக்கப் பயன்படும் உயிருள்ள பாக்டீரியா. பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். கடையில் வெயில் படும் அலமாரியில் கிடந்த பாக்கெட் வேண்டாம்.

4. இடம், மண், வடிகால்

குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். தென்னை நிழலிலும், கிழக்கு வெயில் மட்டும் படும் பால்கனியிலும் தாள் பச்சைப்பசேலென்று வளரும், அடியில் பென்சில் பருமனுக்குமேல் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தைக் கீரைக்கு விடுங்கள்.

மண் செம்மண் கலந்த பொலபொலப்பான வகையாக இருந்தால் அதிர்ஷ்டம். கரிசலாக இருந்தால் பாத்தியை முக்கால் அடி உயர்த்திப் போடுங்கள். வெங்காய வேர் முக்கால் அடி ஆழத்துக்குமேல் பெரிதாகப் போவதில்லை, அதனால் ஆழமாகத் தோண்டத் தேவையில்லை. மேல் முக்கால் அடியில் கட்டி, கல், கோரைக் கிழங்கு ஒன்றும் இருக்கக்கூடாது. கோரையை மட்டும் நடுவதற்கு முன்பே கிழங்கோடு பொறுக்கி எடுத்துவிடுங்கள். பயிர் வந்த பிறகு கோரையைப் பிடுங்கினால் வெங்காயமும் சேர்ந்து வரும்.

வடிகாலைச் சோதிக்க ஒரு வழி: பாத்தி போட்டதும் ஒரு குடம் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றுங்கள். கால் மணி நேரத்தில் மேலே ஈரம் மட்டும் தெரிய வேண்டும். அதற்குப் பிறகும் குட்டையாக நின்றால், மணலோ மக்கிய உரமோ சேர்த்து இன்னும் உயர்த்துங்கள். நட்ட பிறகு இதைச் சரிசெய்ய முடியாது.

நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே 15 கிலோ மக்கிய தொழுவுரத்தையும் அரை கிலோ வேப்பம் புண்ணாக்கையும் மண்ணோடு கொத்திக் கலந்து ஒரு தடவை நீர் விட்டு வையுங்கள். 'மக்கிய' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கையில் எடுத்தால் சாண வாடை வரக்கூடாது, தூளாக உதிர வேண்டும். பச்சைச் சாணம் வெங்காய ஈயையும் வேர்ப்புழுவையும் கூப்பிடும், களை விதையையும் சேர்த்துக் கொண்டுவரும்.

தண்ணீரையும் கவனியுங்கள். வெங்காயம் உப்பு தாங்காது. உப்பேறிய போர்வெல் தண்ணீரில் தாள் நுனி கருகிக்கொண்டே வரும். அதை நோய் என்று நினைத்து மருந்தடித்துப் பயனில்லை. சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரைத் தோட்டத்துக்கு விடும் வழக்கம் இருந்தால், இந்தப் பாத்திக்கு மட்டும் வேண்டாம்.

மாடித் தோட்டத்துக்கு: உயரமான பை தேவையில்லை, அகலமான பை தேவை. 9 அங்குல ஆழம் போதும். 12 அங்குல விட்டமுள்ள பையில் 6 அல்லது 7 வெங்காயத்துக்குமேல் திணிக்காதீர்கள். கலவை: செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, ஆற்று மணல் அல்லது எம்-சாண்டு அரைப் பங்கு, தேங்காய் நார்த்தூள் அரைப் பங்கு. எடை குறைய வேண்டும் என்று நார்த்தூளைப் பாதிக்குமேல் போடுவது மாடித் தோட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. மேலே காய்ந்தாற்போலத் தெரியும், உள்ளே சொதசொதத்துக் கிடக்கும். வெங்காயத்தின் அடி அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. பையின் அடித்துளைகள் அடைபடாமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

5. விதை நேர்த்தியும் நடவும்

நடுவதற்கு முந்தைய நாள் வெங்காயத்தைப் பல் பல்லாகப் பிரியுங்கள். காய்ந்த தாளையும் பழைய வேரையும் நுனியில் கிள்ளினால் போதும். கத்தியால் தலையைச் சீவிச் சதையை வெட்டுகிறவர்கள் உண்டு. சீக்கிரம் முளைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வெட்டுவாய் வழியாகத்தான் பூசணம் நுழையும். உலர்ந்த தோல் தானாக உதிர்ந்தால் உதிரட்டும், நகத்தால் உரிக்காதீர்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸைக் கரைத்து, வெங்காயத்தை அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஒரு மணி நேரம் உலர்த்தி நடுங்கள். ரசாயன பூசணக்கொல்லியும் சூடோமோனாஸும் ஒன்றாகப் போடக்கூடாது. பூசணக்கொல்லி அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடக்கூடும்.

இடைவெளி: வரிசைக்கு வரிசை அரை அடி, வெங்காயத்துக்கு வெங்காயம் 4 அங்குலம். 3 அடி அகலத்தில் 6 வரிசை, வரிசைக்கு 48. நெருக்கி நட்டால் அதிகம் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் காற்று புகாமல் நோய்தான் அதிகமாகும்.

மண்ணை முந்தின நாளே நனைத்து, பொலபொலப்பாக இருக்கும்போது விரலால் குழி செய்து, வேர்ப்பகுதி கீழே இருக்கும்படி வையுங்கள். நுனி மண் மட்டத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்குமேல் புதைத்தால் முளை தாமதிக்கும், அழுகலும் கூடும். இறுகிய மண்ணில் அழுத்திக் குத்தினால், வேர் ஊன்ற முயலும்போது வெங்காயம் தன்னைத்தானே மேலே தள்ளிக்கொண்டு சாயும். அப்படி எழுந்து நிற்பவற்றை மறுபடி அமுக்காதீர்கள், வேர் முறியும். பக்கத்து மண்ணை ஒதுக்கி அணைத்தால் போதும்.

முதல் ஒரு வாரம் கோழி கிளறும், காகம் பிடுங்கிப் போடும். பாத்தி மேல் பழைய வலையையோ முள்ளையோ போட்டு வையுங்கள். முளைத்துத் தாள் விரலளவு வந்ததும் எடுத்துவிடலாம்.

6. தண்ணீர்

நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதன்பிறகு பாத்தியில் 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, மாடிப் பையில் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள். நாள்கணக்கைவிட விரல்கணக்கு மேல்: ஆள்காட்டி விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், அங்கே ஈரம் இருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம்.

பூவாளியால் தாள் மேல் தெளிக்காமல் வேரடியில் விடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் காலையில் மட்டும் தெளியுங்கள், மாலைக்குள் தாள் காய்ந்துவிடும். இரவு முழுதும் நனைந்த தாள்தான் பூசணத்துக்கு வேண்டும்.

35-ஆம் நாளிலிருந்து 55-ஆம் நாள் வரை பல் பிரிந்து பருக்கும் காலம். இந்த இருபது நாளில் மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்து வெடித்து, பிறகு ஒரேயடியாக நீர் விட்டால் வெங்காயம் பிளக்கும். சீராகக் கொடுங்கள். அறுவடைக்கு 10 நாள் முன்பு தண்ணீரை முழுதாக நிறுத்துங்கள். தாள் வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஊற்றுகிற ஒரு குடம், வெங்காயத்தின் இரண்டு மாத ஆயுளைக் குறைத்துவிடும்.

7. களையும் மேலுரமும்

வெங்காயத் தாள் மெலிந்தது, நிழல் தராது. அதனால் களை சுலபமாக ஏறிவிடும். 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் கைக்களை எடுங்கள். களைக்கொத்தை ஆழமாக விடாதீர்கள், வேர் மேலாகத்தான் ஓடுகிறது.

20-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாளுக்குள் மண்புழு உரம் 5 கிலோவையும் மீதி அரை கிலோ வேப்பம் புண்ணாக்கையும் வரிசைகளுக்கு நடுவே தூவி, லேசாகக் கிளறி, நீர் விடுங்கள். பஞ்சகவ்யா கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து 20-ஆம் நாளும் 35-ஆம் நாளும் தெளிக்கலாம். 35 நாளுக்குப் பிறகு யூரியா, கடலைப் புண்ணாக்குக் கரைசல் என்று தழைச்சத்து எதுவும் வேண்டாம். கொடுத்தால் பயிர் தாளையே வளர்த்துக்கொண்டிருக்கும், கழுத்து தடித்து மூடாமல் நிற்கும். தடித்த கழுத்துள்ள வெங்காயம் எத்தனை நாள் காய்ந்தாலும் உள்ளே ஈரம் போகாது, அங்கிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும்.

சமையலுக்குத் தாளைக் கிள்ளுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தாளின் அடிதான் வெங்காயத்தின் ஒவ்வொரு அடுக்காகப் பருக்கிறது. தாளைக் கிள்ளினால் அடுக்கைக் கிள்ளியதாகும். பொரியலுக்குத் தாள் வேண்டும் என்றால் ஒதுக்கிப் போட்ட பொடி வெங்காயத்தைத் தனிப் பையில் நெருக்கி நட்டுக்கொள்ளுங்கள். நடுவே குண்டான பூந்தண்டு எழுந்தால் மட்டும் தாராளமாக ஒடித்து எடுத்துச் சமைக்கலாம்.

8. எதைப் பார்த்ததும் என்ன செய்வது

இலைப்பேன். கட்டாயம் வரும், குறிப்பாக வெயில் காலத்தில். தாளில் வெள்ளிக் கோடுகள் போலத் திட்டுத் திட்டாக வெளுத்து, நுனி சுருண்டு காயும். பூச்சி கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தாள்கள் சேரும் இடுக்கை விரித்துப் பாருங்கள். அல்லது ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கீழே பிடித்துச் செடியைத் தட்டுங்கள். மஞ்சளும் பழுப்புமாகக் கோடு போலச் சின்னஞ்சிறு உருவங்கள் ஊர்ந்தால் அதுதான். செடிக்கு நாலைந்து என்றால் அந்த இடுக்கில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே குறையும். அதிகமானால் லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, கூடவே கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். சோப்பு இல்லாமல் தெளித்தால் வெங்காயத் தாளின் மெழுகுப் பூச்சில் மருந்து ஒட்டாமல் உருண்டு விழும். வாரம் ஒருமுறை, மூன்று முறை. நீல நிற ஒட்டுப்பொறி ஒன்றைப் பாத்தி நடுவே தாள் உயரத்தில் வையுங்கள். இலைப்பேன் நீலத்துக்கு வரும். இடம் இருந்தால் பாத்தியைச் சுற்றி நடவுக்கு ஒரு மாதம் முன்பே மக்காச்சோளம் ஒரு வரிசை போடுங்கள், காற்றில் வருவதைத் தடுக்கும்.

அடியழுகல். தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் கீழிறங்கும். மெல்ல இழுத்தாலே வேரில்லாமல் கையோடு வரும், அடியில் வெள்ளைப் பூசணம். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து வெளியே போடுங்கள்; உரக்குழியில் போடக்கூடாது. பக்கத்துச் செடிகளின் வேரடியில் லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைசலை ஊற்றி, தண்ணீரைக் குறையுங்கள். இந்தப் பூசணம் மண்ணில் பல வருடம் தங்கும். அதனால் அதே பாத்தியில் அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்கு வெங்காயமும் பூண்டும் வேண்டாம். கீரை, தட்டைப்பயறு, வெண்டை என்று மாற்றுங்கள்.

திருகல் நோய். மழைக்காலப் பயிரில் வரும். தாள் நேராக நிற்காமல் முறுக்கிக்கொண்டு சுருளும், கழுத்து இயல்புக்கு மீறி நீளும், தாளில் வெளிறிய நீள்வட்டப் புள்ளிகள் தெரியும். வந்த செடியைக் காப்பாற்ற முடியாது. தயங்காமல் பிடுங்குங்கள், இரண்டு செடியைக் காக்கப் பார்த்து முழுப் பாத்தியையும் விடுவது நஷ்டம். மழை நின்றதும் மற்றவற்றுக்கு சூடோமோனாஸ் தெளியுங்கள்.

ஊதாப் புள்ளி. முதலில் சின்ன வெண்புள்ளி, பிறகு நடுவில் ஊதா நிறம், சுற்றி மஞ்சள் வளையம், கடைசியில் தாள் அந்த இடத்தில் ஒடிந்து தொங்கும். பனி விழும் மார்கழி-தை நாட்களில் அதிகம். இலைப்பேன் குத்திய காயங்கள் வழியாகவும் நுழையும் என்பதால், இலைப்பேனை முன்பே கட்டுப்படுத்தினால் இதுவும் பாதியாகும். புள்ளி விழுந்த தாளை வெயில் ஏறியபின், ஈரமில்லாத நேரத்தில் கிள்ளி எடுங்கள். ஈரத்தோடு தொட்டால் உங்கள் கையே அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

தாள் நுனி மட்டும் ஓர் அங்குலம் காய்ந்து, மற்றதெல்லாம் பச்சையாக இருந்தால் பதறாதீர்கள். வெயிலோ, உப்புத் தண்ணீரோ, ஒருநாள் நீர் தவறியதோ காரணமாக இருக்கும்.

9. அறுவடை

60 நாள் தாண்டியதும் தினமும் ஒரு பார்வை பாருங்கள். தாள் பழுத்து மஞ்சளாகி, கழுத்துத் தளர்ந்து தானாகச் சாயும். பாத்தியில் பாதிக்குமேல் சாய்ந்து, முக்கால்வாசி சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். எல்லாம் சாயட்டும் என்று காத்திருந்தால் முதலில் சாய்ந்தவை மண்ணுக்குள் மறுபடி வேர் விடும். சீக்கிரம் காயட்டும் என்று பச்சைத் தாளை மிதித்து மடக்குவதும் வேண்டாம், பருக்க வேண்டியது பாதியில் நிற்கும்.

மண் காய்ந்திருக்கும் காலையில், வரிசைக்குப் பக்கவாட்டில் களைக்கொத்தை விட்டு அடிமண்ணை நெம்பித் தளர்த்திவிட்டு, தாளைச் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். மண்ணைக் கையால் உதிர்த்தால் போதும். தண்ணீரில் கழுவுவது, தரையில் தட்டுவது இரண்டும் கூடாது. கொத்து பட்டவை, நசுங்கியவை, கழுத்து தடித்தவை, பூந்தண்டு வந்தவை நாலும் தனிக் கூடைக்குப் போகட்டும். அவை முதல் வாரச் சமையலுக்கு.

எதிர்பாராத மழை வரும் என்று தெரிந்தால், இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தாலும் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் சிறுத்த வெங்காயம், அழுகியதைவிட மேல்.

10. காயவைத்தல், சேமிப்பு, அடுத்த பருவ விதை

தாளை வெட்டாமல் மூன்று நாள் பாத்தியிலேயே வரிசையாகப் பரப்புங்கள். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசை வெங்காயத்தை மூடும்படி அடுக்கினால், உச்சி வெயில் நேராகப் படாது. மூடாமல் விட்டால் வெயில் பட்ட பக்கம் வெந்து, வெள்ளையாகக் குழைந்துபோகும். மாடியில் தரைச்சூடு அதிகம் என்பதால் சாக்கு விரித்து நிழலில் பரப்புங்கள்.

பிறகு காற்றோட்டமான நிழலில் 7 முதல் 10 நாள். கழுத்தை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தால் வழுக்கல் இல்லாமல் காகிதம் போல நெரிபட வேண்டும். வெளித்தோல் சரசரக்க வேண்டும். அதுவரை மூட்டை கட்டாதீர்கள். எடை குறைவதைப் பார்த்து வருந்தவும் வேண்டாம், போவது தண்ணீர்தான்.

பெரம்பலூர்ப் பக்கம் விவசாயிகள் வெங்காயப் பட்டறை போடுவார்கள்: தரையிலிருந்து உயர்த்திய தளம், நாலு பக்கமும் குச்சித் தட்டி, மேலே கீற்று, மழைநீர் படாது, காற்று மட்டும் எல்லாப் பக்கமும் போய்வரும். நம் பத்துக் கிலோவுக்கு அதே முறையைச் சின்னதாகச் செய்யலாம். இரண்டு செங்கல் மேல் துளையுள்ள பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை வைத்து, முக்கால் அடிக்கு மேல் போகாமல் நிரப்பி, மழைச்சாரல் படாத வராந்தாவில் வையுங்கள். இன்னும் நல்லது, தாளோடு பத்துப் பதினைந்தாகக் கட்டி, கொடியில் தொங்கவிடுவது. ஃப்ரிட்ஜ், பாலிதீன் பை, உருளைக்கிழங்குக் கூடை மூன்றும் வேண்டாம். முளைக்கும், அல்லது வியர்த்து அழுகும். 15 நாளுக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்த்து மெத்தென்று இருப்பதை எடுத்துவிட்டால் மூன்று மாதம் தாராளமாக வரும்.

அடுத்த பருவத்துக்கான 2 கிலோவைச் சமையலறைக்குப் போகும் முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். நோயே வராத செடிகளிலிருந்து, நடுத்தர அளவில், கழுத்து மெலிந்து இறுக மூடியவையாகப் பொறுக்கி, தாளோடு கட்டி, அறுத்த தேதியை ஒரு துண்டு அட்டையில் எழுதி அந்தக் கட்டிலேயே செருகுங்கள். அடுத்த நடவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கட்டிலிருந்து ஒன்றிரண்டை எடுத்து நெடுக்காக வெட்டி, குருத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகு பாத்தியை நனையுங்கள்.